திறந்த காரா? மூடிய காரா? - காலின் சாப்மன் கதை

1957-ம் ஆண்டு அக்டோபர் மாதம். லண்டன் நகரில், ஏர்ல்ஸ் கோர்ட் மண்டபத்தில் மோட்டார் கார் கண்காட்சி நடந்தது. அங்கே ஒரு புதிய கார் எல்லோருடைய கண்ணையும் கவர்ந்தது. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, கூரை போட்ட சின்னஞ்சிறு கார். வழவழவென்று, மழைத்துளி போல உருண்டு திரண்டு இருந்தது. அதன் பெயர் எலீட்.

அதே சமயத்தில் அதே கம்பெனி இன்னொரு காரையும் விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதற்குக் கூரை இல்லை. கதவும் இல்லை. குளிக்கும் தொட்டிக்கு நான்கு சக்கரம் மாட்டியது போல இருந்தது. அதன் பெயர் செவன். அதாவது, ஏழு.

இரண்டையும் படைத்தவர் ஒருவரே. அவர்தான் காலின் சாப்மன். அப்போது அவருக்கு வயது 29.

ஒன்று அழகு. மற்றொன்று சிக்கனம். ஒன்று மூடிய கார். மற்றொன்று திறந்த கார். இரண்டில் எதன்மேல் அவர் ஆசை வைத்தார்? எது அவர் பெயரை நிலைக்க வைத்தது? சாப்மனின் வாழ்க்கையே இதற்குப் பதில் சொல்லும்.

ஹோட்டல்காரர் மகன்

சாப்மன் 1928-ம் ஆண்டு மே மாதம் 19-ந் தேதி, லண்டனை அடுத்த ரிச்மண்டில் பிறந்தார். அந்தோணி காலின் புரூஸ் சாப்மன் என்பது முழுப் பெயர். தகப்பனார் வடக்கு லண்டனில், ஹார்ன்சி என்ற இடத்தில் ரெயில்வே ஹோட்டலை நடத்தி வந்தார்.

பையன் படிப்பில் கெட்டிக்காரன். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் கட்டுமான என்ஜினீயரிங் படித்தார். ஒரு பாலம் எப்படி நிற்கிறது, எந்தக் கம்பி எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் போடும் படிப்பு அது. படிக்கும்போதே விமானம் ஓட்டவும் பழகினார்.

இந்த இரண்டும் பிற்காலத்தில் அவருக்குக் கை கொடுத்தன. பாலம் கட்டுகிறவன் வீண் இரும்பைச் சேர்க்கமாட்டான். விமானம் செய்கிறவன் வீண் எடையைச் சேர்க்கமாட்டான். கார் செய்கிறவன் மட்டும் ஏன் சேர்க்க வேண்டும்? சாப்மனின் வாழ்நாள் முழுவதும் இந்த ஒரே கேள்விதான்.

விற்காத கார்

அப்போதுதான் உலக யுத்தம் முடிந்திருந்தது. இங்கிலாந்தில் புதுக் கார் கிடைப்பது குதிரைக் கொம்பு. பழைய கார்களுக்கு ஏக கிராக்கி. கல்லூரியில் படித்துக்கொண்டே, ஒரு நண்பருடன் சேர்ந்து பழைய கார்களை வாங்கி விற்றார் சாப்மன். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தது.

1947-ல் இடி விழுந்தது. சொந்தக் கார் வைத்திருப்பவர்களுக்குக் கொடுத்து வந்த பெட்ரோல் ரேஷனை அரசாங்கம் நிறுத்திவிட்டது. பெட்ரோல் இல்லாமல் காரை வைத்து என்ன செய்வது? பழைய கார்களின் விலை அடிமட்டத்துக்குப் போயிற்று. சாப்மன் கிடைத்த விலைக்கு எல்லாவற்றையும் தள்ளினார். சேர்த்த பணம் போயிற்று.

ஒரே ஒரு கார் மட்டும் விற்காமல் நின்றது. ஆஸ்டின் செவன் என்ற கிழட்டுக் கார்.

விற்காத காரை அவர் சும்மா விடவில்லை. ஹேஸல் வில்லியம்ஸ் என்ற பெண்ணிடம் அவர் அன்பு கொண்டிருந்தார். அவளுடைய பெற்றோர் வீட்டுக் கொட்டகையில் காரைக் கொண்டுபோய் நிறுத்தினார். மேல்கூட்டைக் கழற்றி எறிந்தார். பிளைவுட் பலகையும் அலுமினியத் தகடும் கொண்டு புதிய கூடு கட்டினார். சேறும் மேடுமான பாதையில் ஓட்டும் போட்டிகளில் அதை ஓட்டினார்.

இதுதான் அவருடைய முதல் கார். ஆண்டு 1948. அதற்கு லோட்டஸ் என்று பேர் வைத்தார். லோட்டஸ் என்றால் தாமரை. தாமரைக்கும் காருக்கும் என்ன சம்பந்தம்? அதைச் சாப்மன் கடைசி வரையில் வெளியே சொல்லவில்லை.

25 பவுன் முதலீடு

படிப்பு முடிந்தது. பிரிட்டிஷ் அலுமினியம் கம்பெனியில் வேலை கிடைத்தது. பகலில் உத்தியோகம். இரவில் கார் வேலை. தகப்பனாரின் ஹோட்டலுக்குப் பின்னால் இருந்த பழைய குதிரை லாயம்தான் பட்டறை.

1952-ம் ஆண்டு ஜனவரி முதல் தேதி லோட்டஸ் என்ஜினீயரிங் கம்பெனி தொடங்கியது. முதலீடு 25 பவுன். அது ஹேஸல் கொடுத்த கடன். 1954-ல் இருவருக்கும் திருமணம் நடந்தது. அடுத்த ஆண்டு சாப்மன் உத்தியோகத்தை விட்டார். முழு நேரமும் கார் என்று இறங்கினார்.

வரிக்கு ஒரு வழி

பணக்காரர்களுக்குக் கார் செய்ய எத்தனையோ கம்பெனிகள் இருந்தன. சாப்மனிடம் வந்தவர்கள் அப்படிப்பட்டவர்கள் அல்ல. குமாஸ்தாக்கள், மெக்கானிக்குகள், கல்லூரி முடித்த இளைஞர்கள். பந்தயத்தில் ஓட்ட ஆசை உண்டு. பையில் பணம் இல்லை.

அந்த நாளில் இங்கிலாந்தில் புதுக் காருக்குக் கடுமையான கொள்முதல் வரி இருந்தது. ஆனால் சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. முழுக் காராக விற்றால்தான் வரி. பாகம் பாகமாக விற்று, வாங்கியவரே வீட்டில் பொருத்திக்கொண்டால் அந்த வரி இல்லை.

சாப்மன் இந்தச் சந்தில் நுழைந்தார். 1952-ல் வந்த லோட்டஸ் ஆறாம் நம்பர் கார் இப்படித்தான் விற்றது. இரும்புக் குழாய்களைப் பற்றவைத்த சட்டமும் அலுமினியக் கூடும் அவர் கொடுப்பார். என்ஜினையும் கியர் பெட்டியையும் வாங்குகிறவர் ஏதாவது பழைய போர்டு காரிலிருந்து கழற்றிக்கொள்ளலாம். ஏறத்தாழ 100 கார்கள் இவ்விதம் போயின.

இதைப் பற்றி ஒரு வேடிக்கையும் சொல்வார்கள். காரைப் பொருத்துவது எப்படி என்று எழுதிக் கொடுத்தால் அதுவும் வரிக்கு உட்படும் என்று பேச்சு வந்ததாம். சாப்மன் என்ன செய்தார்? காரைக் கழற்றுவது எப்படி என்று எழுதிக் கொடுத்தாராம்! வாங்கியவர்கள் கடைசிப் பக்கத்திலிருந்து படித்து, தலைகீழாகச் செய்து முடித்தார்களாம்.

திறந்த கார்

ஆறாம் நம்பருக்குப் பின் வந்ததுதான் 1957-ன் செவன்.

செவனில் வேண்டாத பொருள் என்று ஒன்றுகூடக் கிடையாது. குழாய்ச் சட்டம், அலுமினியத் தகடு, இரண்டு ஆசனம், நான்கு சக்கரம். போர்டு கம்பெனியின் 40 குதிரைச் சக்தி என்ஜின். மொத்த எடை சுமார் 330 கிலோதான். எடை குறைவு என்பதால் சின்ன என்ஜினே அதைச் சிட்டாகப் பறக்க வைத்தது.

முழுக் காராக வாங்கினால் வரியோடு 1,036 பவுன். பாகங்களாக வாங்கினால் 536 பவுன். ஏறக்குறையப் பாதி விலை! வீட்டுக் கொட்டகையும், ஸ்பானரும், பொறுமையும் இருந்தால் போதும். ஒரு சாதாரணச் சம்பளக்காரரும் பந்தயக் காருக்குச் சொந்தக்காரர் ஆகலாம்.

மூடிய கார்

செவன் சாப்மனின் சிக்கனம் என்றால், எலீட் அவருடைய கனவு.

அதன் உருவத்தை முதலில் வரைந்தவர் பீட்டர் கிர்வன்-டெய்லர். அவர் என்ஜினீயர் அல்ல, கணக்குப் பரிசோதகர், சாப்மனின் நண்பர். ஜான் பிரேலிங், ரான் ஹிக்மன் என்ற இருவர் அதைச் சீர்படுத்தினார்கள். விமான சாஸ்திரம் தெரிந்த பிராங்க் காஸ்டின் காற்று வழுக்கிச் செல்லும்படி திருத்திக் கொடுத்தார்.

எலீட்டின் அதிசயம் அதன் கூட்டில் இருந்தது. அதற்கு முன்பு ஏறக்குறைய எல்லாக் கார்களுக்கும் பாரம் தாங்க இரும்போ மற்ற உலோகமோ தேவைப்பட்டது. எலீட்டில் கண்ணாடி இழையும் பிசினும் கலந்து வார்த்த கூடே ஏறக்குறைய எல்லாப் பாரத்தையும் தாங்கியது. தரை, நடுப்பகுதி, மேல்கூடு என்று மூன்று பெரிய வார்ப்புகள். அவற்றை ஒன்றாக ஒட்டினால் கார்!

இங்கே கூரைக்கு ஒரு முக்கிய வேலை உண்டு. ஒரு தீப்பெட்டியை எடுத்து முறுக்கிப் பாருங்கள். உறையோடு இருந்தால் எளிதில் முறுங்காது. உறையைக் கழற்றிவிட்டு உள்தட்டை மட்டும் முறுக்கினால் சட்டென்று வளையும். காரும் அப்படித்தான். கூரை இருந்தால் கூட்டுக்குப் பலம். கூரையை எடுத்துவிட்டால் அந்தப் பலத்தை அடியில் வேறு விதமாகச் சேர்க்க வேண்டும். செவனில் அந்த வேலையை இரும்புக் குழாய்கள் செய்தன.

எலீட்டின் எடை சுமார் 500 கிலோ. என்ஜின் காவன்ட்ரி கிளைமாக்ஸ் கம்பெனி செய்தது. தீயணைக்கும் பம்புக்காக அவர்கள் தயாரித்த லேசான என்ஜினின் வம்சத்தில் வந்தது அது. 75 குதிரைச் சக்தி. எலீட்டும் பின்னர், 1961-லிருந்து, பாகங்களாகக் கிடைத்தது.

எதை வாங்குவது?

இப்போது காரைத் தாமே பொருத்த நினைத்த இளைஞருக்குத் தர்மசங்கடம். திறந்த காரா? மூடிய காரா?

செவனில் போனால் காற்று முகத்தில் அறையும். மழை பெய்தால் துணிக் கூரையை இழுத்து மாட்ட வேண்டும், மாட்டினாலும் நனையும். பெட்டி படுக்கை வைக்க இடம் போதாது. குளிர்காலத்தில் பல் கிட்டும். ஆனால் விலை மலிவு. பொருத்துவது எளிது. எங்காவது முட்டினால் தகட்டைத் தட்டி எடுக்கலாம். குழாய் வளைந்தால் வெட்டிப் பற்றவைக்கலாம். எந்தப் பாகம் எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

எலீட்டில் போனால் மழைக்குக் கவலை இல்லை. நெடுந்தூரம் போகலாம். காற்று தடுக்காததால் சிறிய என்ஜினிலேயே வேகமும் உண்டு, பெட்ரோலும் மிச்சம். ஆனால் அதற்கும் தொல்லைகள் இருந்தன. கதவு வளைந்திருந்ததால் கண்ணாடியைக் கீழே இறக்க முடியாது. காற்று வேண்டுமானால் கண்ணாடியையே கழற்றி எடுத்து வைக்க வேண்டும்! என்ஜின் சத்தம் கூட்டுக்குள் மத்தளம் போல அதிரும். கூடு உடைந்தால் தெருக்கோடி மெக்கானிக்கால் ஒன்றும் செய்ய முடியாது. விலையும் செவனைவிட மிக அதிகம்.

பந்தயத்தில் எலீட் பேர் வாங்கியது. பிரான்சு நாட்டில் 24 மணி நேரம் ஓயாமல் ஓடும் லே மான் பந்தயத்தில், தன் வகுப்பில் ஆறு தடவை முதலாவதாக வந்தது.

எலீட்டால் சாப்மனுக்கு இன்னொரு பெரும் லாபமும் கிடைத்தது. 1958-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி, பிராண்ட்ஸ் ஹாட்ச் திடலில் சாப்மனே எலீட் ஓட்டினார். இன்னொரு எலீட்டில் வந்த ஒரு ஸ்காட்லாந்து இளைஞன் அவரை விடாமல் துரத்தினான். சாப்மன்தான் ஜெயித்தார். ஆனால் அந்த இளைஞனை அவர் மறக்கவில்லை. அவன் ஒரு விவசாயியின் மகன். பெயர் ஜிம் கிளார்க்.

நஷ்டமும் பாடமும்

பேர் கிடைத்தது. பணம் கிடைக்கவில்லை. எலீட் செய்ய ஆன செலவு, விற்ற விலையைவிட அதிகம். ஏறத்தாழ 1,000 கார்கள் செய்து, 1963-ல் எலீட்டை நிறுத்தினார்கள். இத்தனை நஷ்டத்துக்கு இடையே கம்பெனி மூச்சு விட முடிந்ததற்குச் செவன் போன்ற எளிய கார்களும் ஒரு காரணம்.

சாப்மன் பாடம் கற்றார். 1962-ல் எலான் என்ற புதிய கார் வந்தது. அதன் நடுவில் மனிதனுக்கு முதுகெலும்பு போல ஓர் இரும்புச் சட்டம். பாரத்தை எல்லாம் அது தாங்கும். கண்ணாடி இழைக் கூடு மேலே சட்டை போல உட்காரும். பாரம் தாங்கக் கூரை தேவை இல்லை. ஆகவே முதலில் திறந்த காராக வந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1965-ல், மூடிய காராகவும் வந்தது. எலானையும் பாகங்களாக வாங்கலாம். திறந்ததா மூடியதா என்பது இப்போது வாங்குகிறவர் விருப்பம்.

எலான் ஆயிரக்கணக்கில் விற்றது. கம்பெனி நிமிர்ந்தது. 1966-ல் நார்போக் மாவட்டத்தில், ஹெதெல் என்ற இடத்தில், யுத்தகால விமானத் திடலில் பெரிய தொழிற்சாலை எழுந்தது. குதிரை லாயத்தில் தொடங்கியவர் விமானத் திடலுக்கு வந்துவிட்டார்.

உலகப் பந்தயம்

ஜிம் கிளார்க் 1963, 1965 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் லோட்டஸ் காரில் உலகச் சாம்பியன் ஆனார். 1965-ல் அமெரிக்காவின் புகழ்பெற்ற இண்டியானாபொலிஸ் பந்தயத்திலும் வென்றார். கிரஹாம் ஹில், ஜோக்கன் ரிண்ட், எமர்சன் பிட்டிபால்டி, மரியோ ஆண்ட்ரெட்டி ஆகியோரும் லோட்டஸ் ஓட்டி உலகச் சாம்பியன் பட்டம் பெற்றார்கள். சிறந்த கார் செய்தவருக்கான உலகப் பட்டம் ஏழு முறை லோட்டசுக்குக் கிடைத்தது. தன் கார் ஜெயித்தால் சாப்மன் தலையிலுள்ள கறுப்புத் தொப்பியை ஆகாயத்தில் வீசி எறிவார். அதைப் பார்க்கவே ஒரு கூட்டம் காத்திருக்கும்.

எடையும் உயிரும்

ஆனால் எடையைக் குறைப்பதற்கு ஓர் எல்லை உண்டு. எல்லைக்கு அருகிலேயே நின்று கார் செய்தார் சாப்மன். அவருடைய கார்கள் வேகமானவை. ஆனால் பலவீனமானவை என்ற பேச்சு எப்போதும் இருந்தது.

1968-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி ஜெர்மனியில் ஹாக்கன்ஹைம் திடலில் ஜிம் கிளார்க்கின் கார் பாதையை விட்டு விலகி மரத்தில் மோதியது. கிளார்க் இறந்தார். டயரில் காற்று இறங்கியதே காரணம் என்று பலர் கருதினார்கள். உற்ற தோழனை இழந்த சாப்மன் இடிந்து போனார்.

அதற்கு அடுத்த ஆண்டு ஜோக்கன் ரிண்ட் சாப்மனுக்குக் கடிதம் எழுதினார். கார்களின் பலத்தில் தமக்கு நம்பிக்கை இல்லை, இன்னும் சில ராத்தல் எடை கூடினாலும் பரவாயில்லை, பாகங்களைப் பலப்படுத்துங்கள் என்பது அதன் சாரம். 1970 செப்டம்பர் 5-ந் தேதி, இத்தாலியில் மான்சா திடலில் பயிற்சி ஓட்டத்தின்போது ரிண்டின் லோட்டஸ் வேலியில் மோதியது. அவரும் இறந்தார். முன் பிரேக்குக்குச் செல்லும் தண்டு முறிந்தது என்று விசாரணையில் தெரிந்தது. அந்த ஆண்டின் உலகச் சாம்பியன் பட்டம், இறந்துபோன ரிண்டுக்கே கிடைத்தது.

கடைசி அத்தியாயம்

சாப்மனின் முடிவு காலமும் நிம்மதியாக இல்லை. ஜான் டெலோரியன் என்ற அமெரிக்கர், வட அயர்லாந்தில் கார் தொழிற்சாலை தொடங்கினார். பிரிட்டிஷ் அரசாங்கம் கோடிக்கணக்கில் பணம் கொடுத்தது. காரைச் சீர்படுத்தும் வேலை லோட்டசுக்கு வந்தது. அதுவும் ஒரு மூடிய கார்தான். 1982-ல் அந்தத் தொழில் மூழ்கியது. அந்த வேலைக்காகக் கொடுத்த பணத்தில் ஒரு பெருந்தொகை வழி மாறிப் போனது பிறகு வெளிவந்தது.

1982-ம் ஆண்டு டிசம்பர் 16-ந் தேதி மாரடைப்பால் சாப்மன் காலமானார். அப்போது அவருக்கு வயது 54. பத்து ஆண்டுகள் கழித்து, கம்பெனியின் கணக்குப் பொறுப்பில் இருந்த டைரக்டர் சிறைக்குப் போனார். சாப்மன் உயிரோடு இருந்து கூண்டில் நின்றிருந்தால் குறைந்தது பத்து ஆண்டுத் தண்டனை விதித்திருப்பேன் என்ற கருத்தை நீதிபதி வெளியிட்டார். சட்டத்தின் சந்தில் நுழைந்து ஏழை இளைஞருக்குக் கார் கொடுத்தவர், கடைசியில் சட்டத்தையே தாண்டியவர் என்ற பழியோடு மறைந்தார்.

நிலைத்தது எது?

எலீட் இன்று அபூர்வப் பொருள். கார் சேகரிப்பவர்கள் அதைக் கண்ணாடிப் பாத்திரம் போலப் பாதுகாக்கிறார்கள்.

செவனின் கதை வேறு. 1973 ஏப்ரல் மாதம் இங்கிலாந்தில் பழைய கொள்முதல் வரி போய்ப் புதிய வரி வந்தது. பாகங்களாக விற்றாலும் வரி உண்டு. சாப்மன் பெட்டியில் கார் விற்பதை நிறுத்தினார். உயர்ந்த விலைக் கார்களின் பக்கம் திரும்பினார். பதினைந்து ஆண்டுகளில் ஏறத்தாழ 2,500 கார்கள் விற்ற செவன் அவருக்கு வேண்டாததாகிவிட்டது. அதைச் செய்யும் உரிமை, அந்தக் காரை விற்று வந்த கேட்டர்ஹாம் என்ற சிறிய கம்பெனிக்குப் போயிற்று.

அந்தக் கம்பெனி செவனை விடவில்லை. வரியில் லாபம் போன பிறகும், அதைப் பாகங்களாக வாங்கித் தம் கையாலேயே பொருத்த விரும்புகிறவர்கள் இருந்தார்கள். இன்றும் இருக்கிறார்கள். பெட்டிகளை இறக்கி, குழாய்ச் சட்டத்தை நடுவில் வைத்து, ஸ்பானரும் கையுமாகக் குனிகிறார்கள். பிள்ளைகள் பக்கத்தில் நின்று திருகாணி எடுத்துக் கொடுக்கிறார்கள். மழை பெய்தால் நனைவோம் என்று தெரிந்தே, கூரை இல்லாத காரை அவர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள்.

கனவென்று கட்டிய மூடிய கார் பதினைந்து ஆண்டுகள்கூடத் தாங்கவில்லை. சிக்கனத்துக்கென்று செய்து, பிறகு வேண்டாம் என்று கொடுத்துவிட்ட திறந்த கார் அறுபது ஆண்டுகளைத் தாண்டி ஓடுகிறது. விற்காமல் நின்ற ஒரு கிழட்டுக் காரில் தொடங்கிய சாப்மனின் பெயரை, அந்தக் கூரையில்லாக் கார்தான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது.